பூண்டு வாசம் வந்த தென்னந்தோப்பு

(ஒலிவடிவில் வந்த எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பச் சொன்னதையும் மட்டும் எடுத்திருக்கேன்.)

இந்த வாரம் வரலாற்றோடு கொஞ்சம் சொந்தக் கதையும் கலந்து வரும், பொறுத்துக்கோங்க.

எனக்கு அஞ்சு வயசு இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் அப்புச்சி வீட்டுத் திண்ணையில் நாங்க நாலு பேரப்பசங்க உட்கார்ந்து பூண்டு உரிக்கிறோம். சமையலுக்கு இல்லை. மொத்தம் மூணு கிலோ. "கைய கண்ணுல வெச்சறாத சாமி"ன்னு அம்மிச்சி நாலு தடவை சொல்லியும் வெச்சேன், அழுதேன். அந்த எரிச்சல் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. பூண்டு தென்னை மரத்துக்குன்னு சொன்னாங்க. மரம் எப்படி பூண்டு சாப்பிடும்னு கேட்டேன். யாரும் பதில் சொன்ன மாதிரி நினைவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அப்புச்சியோட தோப்புக் கணக்கு நோட்டு ஒண்ணு கிடைச்சது. நீள நோட்டு, மேலே காப்பி டம்ளர் வெச்ச வட்டம். 2000, 2001ஆம் வருஷக் கணக்கு. உர மூட்டை, வெட்டுக்கூலி, மோட்டார் ரிப்பேர் இதுக்கு நடுவுல ஒரு வரி: "வேப்பெண்ணெய் 3 லிட்டர், பூண்டு 3 கிலோ, பார் சோப்பு." நாலு மாசம் கழிச்சு அதே வரி மறுபடியும். அப்புறம் மூணாவதா ஒரு தலைப்பு மட்டும் இருக்கு, "மருந்து மூன்றாம் தவணை". அதுக்குக் கீழே ரெண்டே வார்த்தை: "ஆள் இல்லை."

இந்த எபிசோடு அந்த ரெண்டு வார்த்தையிலிருந்து வந்ததுதான்.

முதல்ல எதிரி யாருன்னு பார்த்துடலாம். எங்க ஊரில் சிலந்தி நோய்னு சொல்வாங்க, கேரளாவில் மண்டரி. ஈரியோபைட் சிலந்தி என்பது பரவலான பெயர், அறிவியல் பெயர் அசேரியா குவெரெரோனிஸ். நோய் இல்லை, பூச்சியும் இல்லை. சிலந்தி, தேள், உண்ணி இருக்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிர். அந்தக் குடும்பத்துக்கு எட்டுக் கால்; இதுக்கு மட்டும் நாலே கால். புழு மாதிரி நீண்ட உடம்பு, நீளம் கால் மில்லிமீட்டர் கூட வராது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. நமக்குத் தெரிவது அது செய்த வேலைதான்: குரும்பையில், காம்பை ஒட்டி முக்கோணமா ஒரு வெளிர்த் திட்டு, காய் பெருக்கப் பெருக்க அது பழுப்பாகி, வெடிச்சு, சொறி பிடிச்ச மாதிரி ஆகும். காய் சிறுக்கும், பருப்பு குறையும், மட்டை இறுகி உரிக்கவே வராது. நாரும் கெட்டுப்போகும். தென்னையில் வீணாகிற பொருளே கிடையாதுன்னு பெருமையா சொல்வோமே, அந்த ஒவ்வொண்ணுலயும் கை வைக்குது இது.

இதை முதலில் விவரித்து எழுதியவர் கீஃபர் என்ற அமெரிக்க அறிஞர், 1965இல். மாதிரிகள் வந்தது மெக்சிகோவின் குவெரெரோ மாநிலத்திலிருந்து, பெயரும் அதிலிருந்துதான். அதே பத்தாண்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலும் தெரிய ஆரம்பிச்சது. தென்னையின் சொந்த வீடு என்று சொல்லப்படுகிற தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுப் பக்கம் இது காணப்படவில்லை என்பதுதான் எனக்கு ரொம்ப சுவாரசியமான விஷயம். அதனால் அமெரிக்கக் கண்டத்தின் வேறு ஏதோ ஒரு பனைக் குடும்ப மரத்திலிருந்து, அங்கே கொண்டுபோய் நடப்பட்ட தென்னைக்கு இது தாவியிருக்கணும்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. அதாவது தென்னைக்கு இது பரம்பரைப் பகையாளி இல்லை. புதுசா வந்து ஒட்டிக்கிட்ட ஆள்.

1997 கடைசியில் இலங்கையின் கற்பிட்டிப் பகுதியில் கண்டுபிடிச்சாங்க. 1998இல் கேரளா, எர்ணாகுளம் மாவட்டம், ஆம்பல்லூர் பஞ்சாயத்து. அப்புறம் காத்துலயே பரவி, கொஞ்ச காலத்தில் தமிழ்நாடு, கர்நாடகான்னு தென்னை இருக்கிற இடமெல்லாம் போயிடுச்சு. எங்க பக்கத்துத் தோப்புகளுக்கு 2000க்குள்ள வந்தாச்சு. தேங்காய் விலையும் அதே நேரத்தில் சரிஞ்சு கிடந்தது. ரெண்டு அடியும் ஒண்ணா விழுந்ததால் அப்புச்சி தலைமுறைக்கு அந்த வருஷங்கள் மறக்கவே மறக்காது.

இப்போ என் தொழில் புத்தி கொஞ்சம் வேலை செய்யட்டும். இந்தச் சிலந்தி இருக்கிற இடம் ஒரு கோட்டை. காம்புக்குக் கீழே காயை குல்லாய் மாதிரி மூடியிருக்கும் இதழ்கள் இருக்கே, அதுக்கு உள்ளேதான் குடியிருப்பு. மகரந்தம் சேர்ந்து சுமார் ஒரு மாசத்தில், குரும்பை பெருக்கும்போது இதழுக்கும் காய்க்கும் நடுவில் துளி இடைவெளி விழும். அந்த வழியா உள்ளே போய்விடும். உள்ளே மிருதுவான திசு, வெளிக்காற்று கிடையாது, எதிரியும் சுலபமா உள்ளே வர முடியாது. முட்டையிலிருந்து வளர்ந்து மறுபடி முட்டையிட ஒரு வாரம் பத்து நாள். ஒரு காயிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும்.

தென்னையோ மாசம் ஒரு பாளை விடுகிற மரம். ரெண்டு மாசத்திலிருந்து ஆறு மாசம் வரைக்கும் உள்ள குலைகள்தான் ஆபத்தில் இருப்பவை. எந்த நாளில் பார்த்தாலும் ஒரு மரத்தில் அந்த மாதிரி நாலைந்து குலை இருக்கும். இன்னைக்கு நீங்க அத்தனைக்கும் மருந்தடிச்சாலும், அடுத்த மாசம் புதுக் குலை ஒண்ணு ஆபத்து வயசுக்கு வந்து நிற்கும். ஒரு பக்கம் பக் சரி பண்ணிட்டே இருக்கோம், இன்னொரு பக்கம் மாசாமாசம் புது ரிலீஸ் போயிட்டே இருக்கு. எங்க ஆபீஸ் நண்பர்களுக்கு இந்த வேதனை புரியும்.

எங்க பக்கம் முதலில் கையில் எடுத்தது மோனோகுரோட்டோபாஸ். அதை வேர் வழியாகக் கொடுப்பாங்க. பென்சில் தடிமனில் உயிருள்ள வேர் ஒண்ணைத் தோண்டி எடுத்து, நுனியைச் சாய்வா வெட்டி, 15 மில்லி மருந்தும் 15 மில்லி தண்ணியும் ஊத்தின பிளாஸ்டிக் பைக்குள்ள விட்டு இறுக்கிக் கட்டணும். வேர் உறிஞ்சி மரம் முழுக்க அனுப்பிடும். பொறியியல் கண்ணோடு பார்த்தா அழகான யோசனை, மரமே ஏற வேண்டாம். ஆனா மரம் முழுக்கன்னா காய்க்குள்ளயும் சேர்த்துதானே? 45 நாளைக்கு காய் வெட்டக்கூடாதுன்னு விதி. அப்புச்சி மருந்து வைத்த மரங்களில் சுண்ணாம்பால் கோடு போட்டு, "கோடு போட்ட மரத்து எளநி யாரும் தொடப்படாது"ன்னு பசங்களை வரிசையா நிற்க வெச்சு சொன்னதை எங்க அம்மா இன்னும் சொல்வாங்க. கோடு மழையில் அழிஞ்சதும் எந்த மரம் எதுன்னு தெரியாமப் போச்சாம். அந்த வருஷம் வீட்டில் யாருமே இளநீர் குடிக்கலை. தோப்புக்குள்ள வீடு, கடையில் சோடா வாங்கிக் குடிச்சிருக்காங்க.

அது வீண் பயமும் இல்லை. 2013இல் பீகாரில் பள்ளி மதிய உணவு சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தாங்க. அந்தச் சாப்பாட்டுல கலந்திருந்தது இதே மோனோகுரோட்டோபாஸ்தான்.

அப்போதான் பூண்டு வருது. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைத்த கரைசல் இது: 2 சதவீத வேப்பெண்ணெய், பூண்டு, சோப்பு. பத்து லிட்டருக்கு வேப்பெண்ணெய் 200 மில்லி, பூண்டு 200 கிராம், பார் சோப்பு 50 கிராம். சோப்பைச் சீவி அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் கரைக்கணும். அதில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி நல்லாக் கலக்கணும். பூண்டை அரைச்சு 300 மில்லி தண்ணியில் பிழிஞ்சு வடிகட்டிச் சேர்க்கணும். ஆக ஒரு லிட்டர். அதோட ஒன்பது லிட்டர் தண்ணி. எங்க வீட்டில் இதைக் கடைஞ்சது மோர் கடையும் மத்தில். அந்த மத்து அப்புறம் மோருக்குத் திரும்பவே இல்லைங்கிறது தனிக் கதை.

காசர்கோடு என்ற பேரைக் கேட்டதும் வேறொரு விஷயமும் ஞாபகம் வந்திருக்கும். அதே மாவட்டத்தில்தான் முந்திரித் தோட்டங்கள் மேல் 1970களின் பிற்பாதியிலிருந்து 2000 வரைக்கும் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளிச்சாங்க. பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளுக்கு என்ன ஆச்சு என்பது நாடே பேசின விஷயம். மரத்துக்கு மேலிருந்து விஷம் தெளிப்பது என்ற பேச்சையே அந்த ஊர் எப்படிக் கேட்டிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

வேம்பு ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கிளைக்கதை. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை எல்லா மரத்தையும் மொட்டையடிச்சப்போ வேப்ப மரம் மட்டும் பச்சையா நின்னதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் கவனிச்சார். 1962இல் டெல்லியில் பிரதான் என்ற நம்ம விஞ்ஞானி, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தின்னாமல் போறதைக் காட்டினார். 1968இல் அதிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளை இங்கிலாந்தில் பிரிச்செடுத்தாங்க. பூச்சி தோலுரிச்சு வளர்வதையே குழப்பிவிடும் பொருள் அது. ஆய்வகத்தில் அதை முழுசா உருவாக்க 2007 வரைக்கும் ஆச்சு, கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழு செஞ்சது. வேப்ப மரம் வருஷா வருஷம் சும்மா செஞ்சு கீழே போடுறதை நம்மாட்கள் செய்ய நாற்பது வருஷம்.

"வேப்பெண்ணெய்க்கு அமெரிக்காக்காரன் பேட்டன்ட் வாங்கினானே, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு நிறையப் பேர் எழுதுறீங்க. அது ஐரோப்பாவில் 1994இல் கொடுத்தது, 2000இல் ரத்தானது, மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடி. ஆனா அந்த பேட்டன்ட் பூஞ்சைக்கு எதிரான வேப்பெண்ணெய் பற்றியது, சிலந்திக்கு இல்லை. அதனால இன்னைக்கு இவ்வளவு போதும், முழுக்கதை தனி எபிசோடா வரும்.

நம்ம கரைசலில் எண்ணெய்க்கு இன்னொரு வேலையும் இருக்கு, சிலந்தி மேல் படலமாப் படிஞ்சு மூச்சை அடைக்கிறது. பூண்டின் நெடி கந்தகச் சேர்மங்களால் வருவது. சிலந்தி வகைகளுக்கு கந்தகம் ரொம்பப் பழைய மருந்து. இலங்கையிலும் கிட்டத்தட்ட இதே தர்க்கத்தில், தாவர எண்ணெய் 20 சதவீதமும் கந்தகம் அரை சதவீதமும் தண்ணியில் கலந்து அடிக்கச் சொன்னாங்க. நம்ம சோப்பு எண்ணெயையும் தண்ணியையும் சேர்த்து வைக்கும், காயில் ஒட்ட வைக்கும். மூணும் கடையில் கிடைக்கிற சாமான். கலப்பதும் கஷ்டமில்லை.

கஷ்டமெல்லாம் மரத்து மேலதான்.

வருஷத்துக்கு மூணு தவணை: டிசம்பர்-பிப்ரவரி, ஏப்ரல்-ஜூன், செப்டம்பர்-அக்டோபர். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மரத்துலயும் ஏறணும். மட்டைகளுக்கு நடுவுல உட்கார்ந்து, இளங்குலைகளை ஒவ்வொண்ணா விலக்கி, காம்படி நனையற மாதிரி அடிக்கணும். கீழிருந்து அடிச்சா மட்டையும் கீழ்க் குலையும்தான் நனையும், குல்லாய் இடுக்குக்குப் போகாது. அப்புச்சி தோப்பில் 120 மரம். மரத்துக்கு ஒண்ணேகால் லிட்டர் வெச்சா 150 லிட்டர், அதுக்குப் பூண்டு மூணு கிலோ. நோட்டுக் கணக்கும் நான் போட்ட கணக்கும் ஒத்துப் போனப்போ எனக்குச் சட்டுனு ஒரு சந்தோஷம். பரிந்துரையை அவர் எழுத்துப் பிசகாமக் கடைப்பிடிச்சிருக்கார்.

ஆனா எங்க பக்கம் நிறையத் தோப்புகளில் வெட்டுக்கே மரம் ஏறுறதில்லை. நீள மூங்கில் நுனியில் அரிவாளைக் கட்டி, கீழே நின்னே அறுத்துடுவாங்க. ஏறத் தெரிஞ்சவங்க ஊருக்கு ரெண்டு மூணு பேர். சிலந்தி எல்லாத் தோப்புக்கும் ஒரே சமயத்தில் வந்ததால, அந்த ரெண்டு மூணு பேரும் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வேணும். அப்புச்சி தோப்புக்கு வந்தவர் ஒரு நாளைக்கு எத்தனை மரம் ஏறுவார்? அவரும் மனுஷன்தானே. முதல் தவணை முடியறதுக்குள்ள முதல் வரிசை மரங்களில் புதுக் குலை வந்துடுச்சுன்னு மாமா சொல்றார். ரெண்டு தவணைக்கு நடுவில் நாலு மாசம். பத்து நாளைக்கு ஒரு தலைமுறைன்னா அந்தச் சிலந்திக்கு அது பன்னிரண்டு தலைமுறை.

சின்ன வயசில் இந்தக் கதை எங்க வீட்டில் வேற மாதிரிதான் சொல்லப்பட்டது. "உங்க அப்புச்சி நாட்டு வைத்தியம்னு பூண்டைக் கரைச்சு ஊத்தினாரு, பாதியில விட்டுட்டாரு"ன்னு சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன். மருந்து வேலை செய்யலைன்னு விட்டார் என்றுதான் இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன். நோட்டில் மருந்தைப் பத்தி ஒரு குறையும் இல்லை. "ஆள் இல்லை" அவ்வளவுதான்.

மாமாகிட்ட இன்னொண்ணு கேட்டேன். வேரில் வைக்கிறதையே தொடர்ந்திருக்கலாமே, அல்லது அப்போ கடையில் விற்ற டிரையசோபாஸ் மாதிரி ஏதாவது அடிச்சிருக்கலாமே? மாமா சொன்னார்: "மேல உக்காந்து அடிக்கறப்ப காத்து திரும்புச்சுன்னா முழுக்க அவன் மூஞ்சிலதான் கண்ணு விழும். பூண்டுத் தண்ணின்னா கண்ணு எரியும், எறங்கி வந்து கழுவிக்கலாம். அந்த மருந்துன்னா மேலயே மயக்கம் வந்துரும். அறுபது அடி மரம். அப்பா அதுக்கு ஒத்துக்கலை."

இதைக் கேட்டப்புறம்தான் இந்த எபிசோடை எப்படிப் பேசணும்னு புரிஞ்சது. தாவரச் சாறு நல்லதா, ரசாயனம் நல்லதான்னு நாம சண்டை போடறப்போ, எத்தனை சதவீதம் சிலந்தி செத்துச்சு என்ற எண்ணை மட்டும்தான் பார்க்கிறோம். அந்த எண்ணில் பூண்டுக் கரைசல் மோசமில்லை. சரியான குலையில் சரியா பட்டால் சிலந்தியைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. ஆனா அதை அடிக்க மரத்து மேல உட்கார்ந்திருக்கிறவர் எந்த அட்டவணையிலும் இல்லை. என் பார்வையில் அந்தக் கரைசலோட பெரிய பலமே அவர் அதைத் தாங்குவார் என்பதுதான். அதோட பெரிய பலவீனமும் அவர்தான், ஏன்னா அவர் கிடைக்கலை. 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் இளைஞர்களுக்குக் கருவி வெச்சு மரம் ஏறப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒண்ணு தொடங்கினாங்க. நல்ல திட்டம். சிலந்தி வந்து பதிமூணு வருஷம் ஆகியிருந்தது.

அப்போ சிலந்தி என்ன ஆச்சு? இருக்கு. ஆனா 2000இல் இருந்த ஆட்டம் இல்லை. வருஷம் போகப்போகத் தானா அடங்கிடுச்சு. பல பேர் பங்கு இருக்கு இதில். குல்லாய்க்குள் நுழைந்து இந்தச் சிலந்தியையே தின்னும் வேறு வகைச் சிலந்திகள் இருக்கு. இலங்கையில் அதில் ஒண்ணை வளர்த்துத் தோப்புகளில் விட்டாங்க. ஹிர்சுட்டெல்லா என்ற பூஞ்சை இதைத் தாக்கும், பெங்களூரில் அதை மருந்தாகவே செஞ்சாங்க. கோவை வேளாண் பல்கலைக்கழகம் மரத்தைத் தேத்துவதையும் வைத்தியத்தில் சேர்த்தது: வருஷத்துக்கு மரத்துக்குப் பொட்டாஷ் மூன்றரை கிலோ, வேப்பம் புண்ணாக்கு அஞ்சு கிலோ, ஊடே சணப்பு விதைத்து மடக்கி உழுவது. வேம்பு இங்கேயும் வருது பாருங்க, இந்தத் தடவை மரத்தடியில், யாரும் ஏறாமலே.

இதில் பூண்டின் பங்கு எவ்வளவு? அப்புச்சி தோப்பை வெச்சு சொல்ல முடியாது. 120 மரத்துக்கும் அடிச்சிருக்கார், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசை மரத்தையாவது அடிக்காமல் விட்டிருந்தால் எனக்கு டேட்டா கிடைச்சிருக்கும். ஆனா சொந்த மரம் சொறி பிடிச்சு நிற்கும்போது பேரன் போட்காஸ்ட் பேசுவான்னு யார் பத்து மரத்தைச் சும்மா விடுவாங்க?

கடையில் அன்னைக்கு வேப்பெண்ணெய்க்குப் பக்கத்தில் நின்ன மருந்துகளின் கதை சீக்கிரம் சொல்லிடலாம். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்குப் பயன்படுத்த 2005இல் தடை. டிரையசோபாஸுக்கு 2020 கடைசியோடு முழுத்தடை. 2023இல் மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசலுக்கும் தடை ஆணை வந்தது. சிலந்திகளுக்கென்றே இருந்த டைக்கோபால் பேரும் அதே ஆணையில் இருந்தது. வேப்பெண்ணெயும் பூண்டும் சோப்பும் மளிகைக் கடையில் அப்படியே இருக்கு.

2016இல் பொள்ளாச்சியில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்தது. நாட்டிலேயே முதலில் தெரிஞ்சது எங்க பக்கம்தான். போன பொங்கலுக்கு நோட்டைப் புரட்டிட்டு இருந்தப்போ தோப்பில் அதுதான் இருந்தது, மட்டையெல்லாம் கரி பூசின மாதிரி. மாமா வேப்பெண்ணெய் அடிக்கலாமான்னு யோசிச்சிட்டு இருந்தார். நான் நோட்டிலிருந்த அளவைப் படிச்சுக் காட்டினேன்.

"அளவெல்லாம் எனக்கும் தெரியும் கண்ணு"ன்னார். "ஏறறதுக்கு உனக்கு யாராச்சும் தெரியுமா?"